டிப்ரஷன்: ரெண்டு வாரம், ஆறு வாரம், ஆறு மாசம்

இது இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகப் பேச்சைக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.

ரொம்ப நாளா மெயில்ல கேட்டுட்டே இருந்த டாபிக், டிப்ரஷன். இன்னைக்குப் பேசிடலாம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் கிடையாது, பகல்ல கோட் எழுதற ஆள். உங்களுக்கு டிப்ரஷன் இருக்கா இல்லையான்னு இந்த எபிசோட் சொல்லாது. டாக்டரைப் பார்க்கப் போனா என்ன நடக்கும், போயிட்டு வந்த பிறகு என்ன நடக்கும், இதை முன்கூட்டியே தெரிஞ்சுகிட்டா பயம் பாதி குறையும். அதுக்குத்தான் இது.

பேசலாம்னு முடிவு பண்ணினதுக்குக் காரணம் ஒரு மெயில். பேர் வேணாம்னு கேட்டிருந்தார். விஷயம் இவ்வளவுதான்: "மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாள் ஆச்சு. வயித்தைப் பிரட்டுது, தூக்கம் கெட்டுப் போச்சு. மனசு மட்டும் அப்படியேதான் இருக்கு. நிறுத்திடலாமா?"

இதுக்கு ஆமா, இல்லன்னு ஒரு வார்த்தையில பதில் சொல்லிட முடியாது. டிப்ரஷனுக்குன்னு ஒரு காலண்டர் இருக்கு, அது புரியணும். அதுல மூணு கணக்கு: கண்டுபிடிக்க ரெண்டு வாரக் கணக்கு, மருந்து வேலை செய்ய ஆறு வாரக் கணக்கு, குணமான பிறகு குறைஞ்சது ஆறு மாசக் கணக்கு. நிறைய பேர் சிகிச்சையை விடறது இந்தக் கணக்கு தெரியாமதான்.

பேர்லயே ஒரு குழப்பம்

தமிழ்ல நாம 'மன அழுத்தம்'னு ஒரே வார்த்தையை ரெண்டு விஷயத்துக்குப் போடறோம். ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதான், டிப்ரஷனுக்கும் அதான். பேப்பர்லயும் அப்படித்தான் வருது. ரெண்டும் ஒண்ணு இல்ல. டிப்ரஷனுக்கு 'மனச்சோர்வு'ங்கற வார்த்தை இருக்கு, இந்த எபிசோட்ல அதையே வச்சுக்கறேன்.

ஸ்ட்ரெஸ்ஸுக்கு வெளிய ஒரு காரணம் இருக்கும். ரிலீஸ் தேதி, ஹோம் லோன், அப்ரைசல். காரணம் போனா பெரும்பாலும் அதுவும் தணியும். மனச்சோர்வு அப்படி இல்ல. ரிலீஸ் முடிஞ்சு, டீம் ட்ரீட் முடிஞ்சு, நாலு நாள் லீவு போட்டு கொடைக்கானல் போயிட்டு வந்தாலும் கூடவே இருக்கும்.

சோகமும் வேற. மேட்ச் தோத்தா "செம டிப்ரஷன் மச்சி"ன்னு சொல்றோம், மறுநாள் காலையில மறந்துடறோம். வீட்ல ஒரு சாவு விழுந்தாகூட துக்கம் அலை அலையாத்தான் வரும். நடுவுல போனவங்களைப் பத்தி ஒரு பழைய கதை வரும், எல்லாரும் சிரிப்பாங்க. மனச்சோர்வுல அந்த நடுவுல வர்ற சிரிப்பு ரொம்பவே அரிதாயிடும்.

முதல் கணக்கு: ரெண்டு வாரம்

மனநல மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கறாங்க.

1. பெரும்பாலான நாள், நாளோட பெரும்பகுதி மனசு சோர்ந்து, வெறுமையா இருக்கறது.
2. முன்னாடி பிடிச்ச எதுலயும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம போறது.
3. பசி அல்லது உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையறது, இல்ல கூடறது.
4. தூக்கம் வராம போறது, இல்ல அளவுக்கு மீறித் தூங்கறது.
5. பேச்சும் அசைவும் மத்தவங்க கவனிக்கற அளவுக்கு மந்தமாகறது, இல்ல ஓரிடத்துல உட்கார முடியாத படபடப்பு.
6. எதுவும் செய்யாமலேயே அசதி.
7. 'நான் எதுக்கும் லாயக்கு இல்ல'ங்கற எண்ணம், தேவையில்லாத குற்ற உணர்வு.
8. கவனம் நிக்காம போறது, சின்ன முடிவுகூட எடுக்க முடியாம திணறறது.
9. சாவைப் பத்தியோ தற்கொலையைப் பத்தியோ திரும்பத் திரும்ப வர்ற எண்ணம்.

இதுல அஞ்சாவது இருக்கணும். அந்த அஞ்சுல முதல் ரெண்டுல ஒண்ணு கட்டாயம் இருக்கணும். குறைஞ்சது ரெண்டு வாரம், கிட்டத்தட்ட தினமும் நீடிக்கணும். வேலையையோ படிப்பையோ வீட்டையோ பாதிக்கணும். வேற உடல் நோயாலயோ, போதைப் பொருளாலயோ வந்ததா இருக்கக் கூடாது. இவ்வளவும் சேர்ந்தாதான் டிப்ரஷன்னு சொல்றாங்க.

கவனிங்க, இந்தப் பட்டியல்ல 'அழுகை' ஒரு தனி அறிகுறியா இல்ல. அழவே அழாம ஒருத்தருக்கு மனச்சோர்வு இருக்கலாம். ரெண்டாவது அறிகுறிதான் நிறைய பேருக்கு முதல்ல தட்டுப்படும். பிரியாணி முன்னாடி இருக்கும், ருசி தெரியாது. பிளேலிஸ்ட் ஓடும், பாட்டு உள்ள போகாது. வாட்ஸ்அப்ல நாப்பது மெசேஜ் இருக்கும், ஒண்ணுக்கும் பதில் போடத் தோணாது. காலையில ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல கேமரா ஆன் பண்ணி "நோ பிளாக்கர்ஸ்"னு சிரிச்சுட்டு, கட் ஆனதும் மறுபடி படுத்துக்கறவங்களும் இருக்காங்க. வெளிய பார்த்தா ஆள் நல்லாத்தான் இருப்பார்.

சில பேருக்கு, குறிப்பா ஆம்பளைங்களுக்கு, இது சோகமா வராம எரிச்சலா, கோபமா, குடியா வெளிப்படலாம். வீட்ல "திமிரு கூடிப் போச்சு"ன்னு எடுத்துப்பாங்க.

அப்புறம் உடம்பு. தலைவலி, முதுகுவலி, நெஞ்சு பாரம், வயித்து எரிச்சல், "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி". உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகள்ல, நம்ம பெங்களூரும் சேர்த்து, சாதாரண ஓ.பி.க்கு வர்றவங்களை வச்சு ஒரு ஆய்வு நடத்துச்சு. மனச்சோர்வு இருந்தவங்கள்ல 69 சதவீதம் பேர் டாக்டர்கிட்ட வந்ததுக்குச் சொன்ன காரணம் உடல் தொந்தரவு மட்டும்தான். மனசைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அந்த முடிவு 1999-ல வந்துச்சு. ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல், ஆனா வலி மட்டும் போகலன்னு அலையறவங்க நம்ம வீட்லயே இருக்கலாம். அந்த வலி பொய் இல்ல, நிஜமான வலிதான். அதோட வேர் வேற இடத்துல இருக்கலாம், அவ்வளவுதான்.

டாக்டர் என்ன செய்வார்?

எங்க வேலையில ஏதாவது உடைஞ்சா லாக் ஃபைலைத் திறந்து பார்ப்போம். மனச்சோர்வுக்கு அப்படி ஒரு லாக் இல்ல. ரத்தத்துலயோ ஸ்கேன்லயோ 'இதோ டிப்ரஷன்'னு காட்டற டெஸ்ட் இன்னும் வரல. பேசிக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும். அதனாலதான் முதல் சந்திப்புல நிறைய கேள்வி இருக்கும்.

ஆனாலும் ரத்தப் பரிசோதனை எழுதித் தரலாம். எதுக்குன்னா, தைராய்டு குறைஞ்சாலும் ஆள் இதே மாதிரி சோர்ந்து போவார். ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, சில மருந்துகளோட பக்கவிளைவு இதெல்லாமும் இப்படித் தெரியலாம். முதல்ல அதை ஒதுக்கணும்.

பி.எச்.க்யூ-9னு ஒரு கேள்வித்தாள் தரலாம். மேல சொன்ன அதே ஒன்பது விஷயம். கடந்த ரெண்டு வாரத்துல எத்தனை நாள்னு ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5-ல இருந்து லேசானது, 10-ல இருந்து நடுத்தரம், 15-ல இருந்து நடுத்தரத்துக்கு மேல, 20-ல இருந்து தீவிரம். நெட்லயும் கிடைக்கும். ஆனா அந்த நம்பரை ரிசல்ட்டா எடுத்துக்காதீங்க. 10-க்கு மேல வந்தா "டாக்டரைப் பாரு"ன்னு அர்த்தம், "உனக்கு டிப்ரஷன்"னு அர்த்தம் இல்ல. மொத்தம் குறைவா வந்தாலும் ஒன்பதாவது கேள்விக்கு நீங்க 0 போடலைன்னா தள்ளிப் போடாதீங்க, உடனே பேசுங்க.

இன்னொரு கேள்வி வினோதமா இருக்கும். "எப்பவாவது தூக்கமே வேண்டாம்கற அளவுக்கு உற்சாகமா, கன்னாபின்னான்னு செலவு பண்ணி, நிறுத்தாம பேசிட்டு இருந்த நாட்கள் உண்டா?" நான் சோர்வுன்னு வந்தா இவர் உற்சாகத்தைப் பத்திக் கேட்கறாரேன்னு தோணும். பைபோலார்னு இன்னொரு நோய் இருக்கு. சோர்வான கட்டத்துல அதுவும் மனச்சோர்வு மாதிரியே தெரியும். அவங்களுக்கு டிப்ரஷன் மாத்திரை மட்டும் தனியா கொடுத்தா எதிர்ப்பக்கம் தூக்கி விட்டுடலாம். தெரிஞ்சவர் சாப்பிட்ட மாத்திரையை வாங்கிச் சாப்பிடக் கூடாதுங்கறதுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

யார்கிட்ட போறது? சைக்கியாட்ரிஸ்ட்னா எம்.பி.பி.எஸ். முடிச்சு மனநல மருத்துவம் படிச்சவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு சிகிச்சை தருவார். அவங்க இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும், கேட்டுப் பார்க்கலாம், தப்பே இல்ல. காசு பிரச்சனைன்னா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கு, ஆலோசனையும் மருந்தும் இலவசம்.

சென்னையில வளர்ந்தவங்களுக்குத் தெரியும், 'கீழ்ப்பாக்கம்'னாலே ஒரு கிண்டல். அங்க இருக்கற மனநலக் காப்பகம் 1794-ல ஆரம்பிச்சது. இத்தனை தலைமுறைக்கு வைத்தியம் பார்த்த இடத்தோட பேரை நாம திட்டறதுக்கு வச்சிருக்கோம். 2015-16-ல நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள்ல நடத்தின தேசிய மனநல ஆய்வுப்படி, மனச்சோர்வு மாதிரி பரவலா இருக்கற மனநலப் பிரச்சனை உள்ளவங்கள்ல சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரல. அதுக்கு வசதி குறைவு ஒரு காரணம், இந்தக் கிண்டல் இன்னொரு காரணம்.

ஏன் வருது?

"மூளையில செரோடோனின் குறைஞ்சு போச்சு" – இது எல்லாருக்கும் தெரிஞ்ச பதில். ஆனா அவ்வளவு எளிமை இல்ல. 1950-கள்ல காசநோய்க்குக் கொடுத்த ஒரு மருந்து, நோயாளிகளோட மனநிலையையும் தூக்கி விட்டதை டாக்டர்கள் கவனிச்சாங்க. அது மூளையில சில ரசாயனங்களைக் கூட்டுதுன்னு தெரிஞ்சதும், அப்போ அது குறையறதுதான் நோயோன்னு ஒரு யூகம் பிறந்துச்சு. மிளகு ரசம் குடிச்சா சளிக்கு இதமா இருக்கு. அதுக்காக உடம்புல ரசம் குறைஞ்சதாலதான் சளி பிடிச்சுதுன்னு சொல்ல முடியுமா? 2022-ல வந்த ஒரு விரிவான மறுஆய்வு, செரோடோனின் குறைவுதான் காரணம்கறதுக்குத் திடமான ஆதாரம் இல்லன்னு சொல்லிடுச்சு.

அதனால மருந்து வேஸ்ட்னு அர்த்தமா? இல்ல. மருந்து உதவுதாங்கறது தனிக் கேள்வி, அதுக்குத் தனியா சோதனைகள் நடந்திருக்கு. காரணம்னு பார்த்தா பரம்பரை, சின்ன வயசுக் கொடுமைகள், தனிமை, கடன், வேலை போறது, பிரசவம், நீண்டகால நோய், குடி எல்லாம் கலந்துதான் வருது. "உனக்கென்ன குறைச்சல்?"னு கேட்கறவங்களுக்கு இதான் பதில்: குறை இருக்கணும்னு அவசியமே இல்ல.

ரெண்டாவது கணக்கு: ஆறு வாரம்

இப்போ மெயிலுக்கு வருவோம். எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின், ஃப்ளூஆக்ஸெடின் – பொதுவா இந்த வகையிலதான் ஆரம்பிப்பாங்க. இதுல வேதனையான விஷயம் வரிசைதான். பக்கவிளைவு முதல் வாரத்துலயே வந்துடும்: குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம், படபடப்பு. பலன் தெரிய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், முழுசாத் தெரிய ஆறுல இருந்து எட்டு வாரம்கூட ஆகலாம். ஆக பத்தாவது நாள்ல என்ன கையில இருக்கும்? தொந்தரவு மட்டும். பலன் பூஜ்யம். நோயே "எதுவும் சரியாகாது"ன்னு காதுல சொல்லிட்டே இருக்கற நோய் வேற. நிறுத்தணும்னு தோணறதுல ஆச்சரியமே இல்ல.

ஆனா பத்து நாள் வச்சு அந்த மருந்து தோத்துடுச்சுன்னு முடிவு பண்ண முடியாது. குமட்டல் மாதிரி தொந்தரவுகள் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கிடும். அதனால, நிறுத்தறதுக்கு முன்னாடி எழுதிக் கொடுத்த டாக்டருக்கு ஒரு போன். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்தலாம், ராத்திரியில இருந்து காலைக்கு மாத்தலாம், டோஸைக் குறைச்சு மெதுவா ஏத்தலாம். வழிகள் இருக்கு. பாலுறவு சார்ந்த பக்கவிளைவும் உண்டு, சில பேருக்கு அது தானா போகாது. வெட்கப்பட்டு மறைச்சு மாத்திரையை விடறதைவிட, சொன்னா வேற மருந்து பார்ப்பாங்க.

காத்திருக்கக் கூடாத விஷயமும் ஒண்ணு இருக்கு. 25 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்லயும் டோஸ் மாத்தும்போதும் தற்கொலை எண்ணம் கூட வாய்ப்பு இருக்குன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே போட்டிருக்கு. எல்லாருக்கும் வரும்னு இல்ல. ஆனா திடீர்னு அடங்காத படபடப்பு, எரிச்சல், சாகணும்கற எண்ணம் வந்தா ஆறு வாரம் எண்ணிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. கூட இருக்கறவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

ஆறு வாரம் கழிச்சும் மாற்றம் இல்லைன்னா? அமெரிக்காவுல சுமார் 4,000 பேரை வச்சு நடந்த ஸ்டார்-டி ஆய்வுல, முதல் மருந்துலயே முழுசா குணமானவங்க கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர்தான். மத்தவங்களுக்கு மருந்தை மாத்தினாங்க, இல்ல இன்னொண்ணைச் சேர்த்தாங்க, அதுல இன்னும் சில பேர் தேறினாங்க. அதனால முதல் மாத்திரை வேலை செய்யலைன்னா "எனக்கு மருந்தே இல்ல"ன்னு நினைக்காதீங்க. அடுத்த படி இருக்கு.

மருந்து இல்லாத வழி

லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதா இருக்கலாம். தீவிரமா இருந்தா மருந்தையும் பேச்சையும் சேர்த்துத் தருவாங்க. மருந்தெல்லாம் கேட்காத, இல்ல சாப்பாடே இறங்காத ரொம்ப மோசமான நிலையில கரண்ட் சிகிச்சையும் உண்டு. சினிமாவுல காட்டற மாதிரி கட்டி வச்சு இல்ல, மயக்க மருந்து கொடுத்துதான் செய்யணும்னு சட்டமே இருக்கு.

பேச்சு சிகிச்சைன்னா சும்மா அட்வைஸ் இல்ல. ஒரு வகையோட லாஜிக் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. மனசு சரியில்ல, அதனால எதுவும் செய்யறது இல்ல. எதுவும் செய்யாததால சந்தோஷம் தர்ற எதுவும் நாள்ல நடக்கறது இல்ல. அதனால மனசு இன்னும் மோசமாகுது. 'மூட் வரட்டும், செய்யலாம்'னு இருந்தா இந்த வட்டம் உடையாது. அதனால தலைகீழா திருப்பறாங்க: முதல்ல ஒரு சின்னக் காரியம், மூட் பின்னாடி வரட்டும். மொட்டை மாடியில பத்து நிமிஷம், ஒரு நண்பருக்கு ஒரு போன். ஆலோசகரோட உட்கார்ந்து திட்டம் போட்டு, அடுத்த வாரம் எது முடிஞ்சுது, எது முடியலன்னு பார்த்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டறது. "வாக்கிங் போ, சரியாயிடும்"னு மாமா சொல்றதுக்கும் இதுக்கும் இருக்கற வித்தியாசம் அந்தத் திட்டமும் தொடர்ந்து கூட நிக்கறதும்தான்.

இது கோவாவுல நடந்திருக்கு. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஓரளவு தீவிரமான மனச்சோர்வு இருந்தவங்களுக்கு இதே முறையில ஆறுல இருந்து எட்டு சந்திப்பு. கொடுத்தவங்க மனநல நிபுணர்கள் இல்ல, பயிற்சி எடுத்த சாதாரண ஆட்கள். மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா, இது கிடைச்சவங்கள்ல 64 சதவீதம் பேர் தேறியிருந்தாங்க. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்கள்ல 39 சதவீதம். 2017-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. நம்ம ஊர் ஆட்கள், நம்ம ஊர் சுகாதார நிலையம், அதுலயே இவ்வளவு முடிஞ்சிருக்கு.

மூணாவது கணக்கு: ஆறு மாசம்

தேறின பிறகு இன்னொரு பள்ளம் இருக்கு. "இப்போ நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" அறிகுறி போன பிறகும் பொதுவா ஆறுல இருந்து ஒன்பது மாசம், சில பேருக்கு இன்னும் அதிகமா, மருந்தைத் தொடரச் சொல்வாங்க. சீக்கிரம் விட்டா திரும்ப வர்ற வாய்ப்பு கூடும்.

இந்த மருந்துகளுக்கு அடிமை ஆயிடுவோமா? குடி, சிகரெட் மாதிரி ஏக்கமோ, அளவைக் கூட்டிக்கிட்டே போற தேவையோ வர்றது இல்ல. ஆனா உடம்பு பழகிடும். ஒரேநாள்ல நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள சுரீர்னு ஷாக் அடிக்கற உணர்வு வரலாம். அதனால நிறுத்தறதும் டாக்டர் சொல்ற வேகத்துல, படிப்படியா.

ஆபீஸ்ல தெரிஞ்சுடுமோன்னு பயப்படறவங்களுக்கு: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்க சிகிச்சை விவரத்தை ரகசியமா வைக்கற உரிமையைத் தருது. இன்சூரன்ஸும் உடல் நோய்க்கு எந்த அடிப்படையோ அதே அடிப்படையில மனநோய்க்கும் தரணும்னு சொல்லுது. உங்க பாலிசியில ஓ.பி. செலவு வருதான்னு மட்டும் தனியா பார்த்துக்குங்க.

பக்கத்துல இருக்கறவங்களுக்கு

ரூம் மேட்டோ, தம்பியோ, கூட வேலை பார்க்கறவரோ இப்படி இருந்தா, "பாசிட்டிவ்வா இரு"ன்னு சொல்லாதீங்க. அது முடிஞ்சா அவரே இருந்திருப்பார். "டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன், சனிக்கிழமை நானும் வர்றேன்"னு சொல்லுங்க. முடிவெடுக்கறதே கஷ்டமா இருக்கற நோய் இது, அந்த ஒரு முடிவை நீங்க எடுத்துக் கொடுத்தாலே பெரிய உதவி. மூணாவது வாரம் ஞாபகமா போன் பண்ணி "மாத்திரை எப்படி இருக்கு?"ன்னு கேளுங்க.

சந்தேகம் இருந்தா நேராவே கேளுங்க: "சாகணும்னு தோணுதா?" கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்சுடுவோமோன்னு பயம் வரும். அப்படி ஆகறது இல்லன்னுதான் ஆய்வுகள் சொல்லுது. நிறைய பேருக்கு யாரோ கேட்டதே நிம்மதி. ஆமான்னு பதில் வந்தா தனியா விடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. 'போலீஸ் கேஸ் ஆயிடுமோ'ன்னு தயங்காதீங்க. முயற்சி பண்ணினவரைத் தண்டிக்காம, கடும் மன உளைச்சல்ல இருந்தவரா கருதிச் சிகிச்சை தரணும்னு அதே 2017 சட்டம் சொல்லுது.

நம்பர் குறிச்சுக்குங்க. டெலி மனஸ் – 14416. மத்திய அரசோடது, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம். தமிழ்நாட்டுல 104-லயும் மனநல ஆலோசனை கிடைக்கும். உயிருக்கு ஆபத்துன்னா 108.

யாராவது இப்போ அந்த ரெண்டாவது, மூணாவது வாரத்துல இருந்தா, போன்ல காலண்டரைத் திறந்து ஆறாவது வாரத்தை மார்க் பண்ணி வைங்க. அடுத்த டாக்டர் சந்திப்பையும் சேர்த்துப் போட்டுடுங்க. நடுவுல கேள்வி வந்தா டாக்டர்கிட்ட கேளுங்க. எனக்கும் எழுதுங்க, மெயில் எல்லாத்தையும் படிக்கறேன்.

அடுத்த எபிசோட் தூக்கம் பத்தி. நைட் ஷிஃப்ட் மக்கள் கேள்வியோட வாங்க. பார்க்கலாம்.